அசையாமல் பன்னிரண்டு நிமிஷம்

"சரிங்க சார்" என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னதில் முதல் படம் கெட்டது. அசையாதீங்க, பேசாதீங்க, பன்னிரண்டு நிமிஷம் அப்படியே கிடங்க என்று டெக்னீசியன் காஜா மைக்கில் சொல்ல, பேசாமல் கிடக்கிறேன் என்பதை அப்பா வாயைத் திறந்து சொன்னார், சொன்னதோடு விடாமல் தலையையும் தூக்கி ஆட்டியிருப்பார், பார்க்காமலே எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷமாக அரசு பஸ்ஸில் கண்டக்டர், மேலேயிருந்து ஒரு குரல் வந்தால் அவருக்கு இடுப்பு தானாக வளையும். ஸ்கேன் சென்டரில் அந்த கன்ட்ரோல் ரூம் கதவு முழுசாகச் சாத்துவதில்லை, அதற்கு எதிரே போட்ட ஸ்டீல் பெஞ்சில் நானும் அம்மாவும். கதவிடுக்கில் காஜாவின் பாதி முதுகும் திரையின் ஒரு ஓரமும் தெரிகின்றன. "மறுபடியும் முதல்ல இருந்தா" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கேட்டதும் அந்தக் குரலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன், லேசான மூக்கடைப்பு, கடைசி எழுத்தில் ஒரு பெருமூச்சு, சாயந்திரத்துக்குள் படிந்துவிடும். இந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான், ஆனால் வாய் கேட்பதில்லை. என் உள்ளங்கையில் அப்பாவின் விசில், மோதிரம், அரைஞாண் கயிறு. கயிற்றில் கோத்த தாயத்தில் இரும்பு இருந்தால் மிஷின் இழுத்துக்கொள்ளுமாம், நர்ஸ் கத்தரியால் வெட்டிக் கையில் கொடுத்தாள். கயிறு இன்னும் சூடாக இருக்கிறது. அப்பாவின் இடுப்புச் சூடா என் கைச் சூடா என்று சொல்ல முடியவில்லை.

டக் டக் டக் டக், அப்புறம் ர்ர்ர்ர், அப்புறம் யாரோ இரும்புக் கதவை ஆயிரம் முறை தட்டுகிற மாதிரி. இதையும் பண்ணலாம், மேலண்ணத்தில் நாக்கை வைத்து மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டால் வந்துவிடும். பண்ணிப் பார்த்தேன், மெதுவாகத்தான், அம்மா தொடையில் கிள்ளினாள். "ஏட்டி முப்பிடாதி, இங்கயுமா." எனக்குப் பெயர் வைத்த அம்மன் கோயில் பூசாரி தொடங்கி, எங்கள் தெரு ரேஷன் கடைக்காரர், பஸ் ஸ்டாண்டில் மைக் பிடிக்கிற அண்ணன், கொதிக்கிற குக்கர் வரை எல்லாம் என் தொண்டைக்குள் இருக்கிறது. ஒருமுறை ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பள்ளிக்கூட மைக்கில் இன்று மதியம் விடுமுறை என்று சொல்லி மூன்று வகுப்பு வீட்டுக்குப் போய்விட்டது. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். யூனிஃபார்மோடு வந்து நின்று "சரிங்க மேடம்" என்று பதினோரு தடவை சொன்னார், நான் எண்ணினேன். வெளியே வந்ததும் திட்டுவார் என்று பார்த்தால், "ஏட்டி, அந்தம்மா பேசும்போது இடையில செருமுவாவளே, அதையும் போட்டியா" என்று கேட்டார். போட்டேன் என்றேன். அதற்கப்புறம் வீடு வரைக்கும் அவர் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது.

நான் ஆளைப் பார்க்கிறதில்லை, குரலைத்தான் பார்ப்பேன், அதனால்தான் பத்து நாளாக யாரையும் நம்ப முடியவில்லை. எல்லோர் குரலும் அரை சுருதி ஏறியிருக்கிறது. அம்மா போனில் சித்தியிடம் "சும்மா மூலந்தான், சின்ன ஆபரேஷன்" என்று சொல்லும்போது சின்னவில் இருக்கிற ன்ன-வை இழுக்கிறாள், அம்மா எதையும் இழுத்துப் பேசுகிறவள் கிடையாது. நர்ஸ் அப்பாவுக்கு எனிமா கொடுத்துவிட்டு வந்து, குடலில் காற்று நின்றால் படம் வளைந்துவிடும், அதுக்குத்தான், வேற ஒன்னுமில்ல என்றாள். வேற ஒன்னுமில்ல என்று யார் கேட்டார்கள்? குடல் அசையாமல் இருக்க ஒரு ஊசி என்றாள், அதற்கும் ஒரு வேற ஒன்னுமில்ல. இப்போது அம்மா மடியில் கூடை, கூடைக்குள் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்கில் மோர். "அவுக வெளிய வந்ததும் குடுக்கணும், டாக்டரு சொன்ன மோருல்லா" என்றாள். டாக்டரு என்பதை ஏன் அப்படி அழுத்தினாள்? என் முகத்தைப் பார்த்தா சொன்னாள், சுவரைப் பார்த்தா? நான் விசிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்காமல் விட்டுவிட்டேன். திரும்பக் கேட்கலாம், அம்மா இன்னொரு தடவை சொல்லு, மோரை யார் குடிக்கச் சொன்னது என்று. கேட்டால் என் குரல் ஏறிவிடும்.

ஸ்கேன் பார்க்கிற டாக்டர் பெனிட்டா காலையில் எங்களை உட்கார வைத்துச் சொன்னதில் ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. சாதாரண ஸ்கேனோடு சேர்த்து ஒரு புது மாதிரிப் படமும் எடுக்கப்போகிறோம் என்றார், ஒரு ஆய்வுக்காக, அப்பா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "நம்ம உடம்புக்குள்ள தண்ணி எப்பவும் அலைஞ்சுக்கிட்டே இருக்கும்மா. செல்லெல்லாம் நெருக்கிக்கிட்டு நிக்கிற இடத்துல அந்தத் தண்ணிக்கு நகர வழி இருக்காது. அந்த இடம் மட்டும் படத்துல வெள்ளையா நிக்கும். எவ்வளவு நெருக்கம், ஓரம் எப்படி இருக்குன்னு அளந்து பாத்தா, கட்டி குடல் சுவருக்குள்ளயே நிக்குதா, தாண்டிருச்சா, தாண்டப்போகுதான்னு ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லலாம்." ஓரளவுக்கு. மற்ற எல்லாச் சொல்லையும் ஒரே சீராகச் சொன்னவர் அந்த ஓரளவுக்கு வந்ததும் பேனா மூடியைத் திறந்து மூடினார். அப்பா உடனே "புரியுது மேடம், ஃபுல் லோடு பஸ்ஸு மாதிரி" என்றார். டாக்டர் சிரித்தார். "ஆமா, அப்படித்தான். உள்ள இருக்கிற கூட்டம் படி வரைக்கும் வந்துட்டா, படியில தொங்குதான்னு பாக்கப்போறோம்." அப்பாவும் சிரித்தார், சிரித்துவிட்டு, "தொங்குனா மேடம்?" என்று கேட்டார். தொங்கினால் முதலில் கரண்ட் வைக்க வேண்டும், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், மருந்து ஏற்ற வேண்டும், பிறகு பெரிய ஆபரேஷன், மலம் போக வயிற்றில் ஒரு பை, சில பேருக்குக் கடைசி வரைக்கும். உள்ளேயே நின்றால் நேராகச் சின்னதாக வெட்டி எடுத்துவிடலாம். "பைதான, பழகுனதுதான்" என்று தோளைத் தட்டிக் காட்டினார், தோல் பை தொங்குகிற தோள், அந்த இடத்தில் சட்டை எப்போதும் நைந்திருக்கும். அந்தக் குரலில் மட்டும் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அதனால்தான் அதையும் நம்பவில்லை.

தாண்டியிருந்தால் எந்த மாசத்தில் தாண்டியது? டாக்டரிடம் அதைக் கேட்க முடியாது. புது மிஷின் அதைச் சொல்லுமா, இந்த ஓரம் ஐப்பசியில் வந்தது, இந்த முனை தையில் வந்தது என்று? மரத்துக்கு வளையம் எண்ணுகிற மாதிரி எண்ணுவார்களா? ஆடியிலிருந்து பதினோரு மாசம். ஆடியில் நான் பத்தாம் வகுப்பு. கேபிள் டிவியில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் வருவார், டாக்டர் கனகசபாபதி, மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு, கவலையே வேண்டாம், என்ன? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு என்ன. அவர் வந்ததும் நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே பேசுவேன், அம்மா சோற்றோடு சிரிப்பாள், அப்பாவுக்குப் புரையேறும். உலகத்திலேயே ரொம்பச் சிரிப்பான வியாதி மூலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் அப்பா கொல்லைப்பக்கம் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார், ஆமா சார், ஒரு வாரமா, சிவப்பாத்தான், சரிங்க சார், டாக்டர் கூப்பிடுவாரா, காத்திருக்கேன் சார். யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் கூடப் படிக்கிற ஜெனிலாவின் போனை வாங்கினேன். டிபோவில் டூட்டி மாறுகிற நேரம். "பேச்சிமுத்துவா? டாக்டர் பேசுறேன். நீங்க சொன்னதைக் கேட்டேன். சூடு, என்ன? மோர் குடிங்க, வாழைத்தண்டு சாப்பிடுங்க, இங்க வரவேண்டியதில்லை, என்ன?" ஜெனிலா தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சரிந்தாள். நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், ஏட்டி நீயா என்பார், நான் ஆமா என்பேன், ராத்திரி சாப்பாட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். அப்பா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "ரொம்ப நன்றிங்க சார், ரொம்ப நன்றி" என்றார். அந்த நன்றியில் இருந்த நிம்மதியை நான் அதுவரைக்கும் எந்தக் குரலிலும் கேட்டதில்லை. இருமினேன், சிரித்துவிடப் பார்த்தேன், நான்தான்ப்பா என்று வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் போனை வைத்துவிட்டார்.

அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். அப்பா ஒரு சொம்பு நிறைய மோரை எடுத்து நின்றபடியே குடித்துவிட்டு, "டாக்டர்ட்ட பேசிட்டேன் செண்பகம், வெறும் சூடுதானாம்" என்று அம்மாவிடம் சொன்னார், அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், டாக்டரையா சாமியையா தெரியாது. கும்பிட்ட கையைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது. நிஜ டாக்டர் அப்புறம் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம். அடுத்த வாரம் அப்பா இப்ப பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்றால் சொல்ல வேண்டியதே இல்லையே. ரிவிஷன் டெஸ்ட் வந்தது, அரையாண்டு வந்தது, பப்ளிக் வந்தது. அப்பா சட்டை தொளதொளத்தது, வெயில் காலம் என்றார்கள். சித்திரையில் ஒருநாள் வீரவநல்லூர் ஸ்டாப்பில் விசில் ஊத வாயில் வைத்தவர் ஊதாமலே படியில் உட்கார்ந்துவிட்டார், ரத்தம் பாதிதான் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அங்கேயிருந்து டியூப் போட்டுப் பார்த்து, சதை எடுத்து, இங்கே. ஆபரேஷன் டாக்டர் கேட்டார், "இத்தனை மாசமா ஏன் காட்டலை?" நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்பா, "ஒரு டாக்டர்ட்ட கேட்டேன் சார், மோர் குடிக்கச் சொன்னாரு" என்றார். "எந்த டாக்டர்?" அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார். "பேரு ஞாபகம் இல்ல சார்." ராத்திரிதோறும் டிவியில் பார்க்கிற மனுஷன் பெயர் ஞாபகம் இல்லையா? பாபநாசம் வரைக்கும் ஏறுகிற ஒவ்வொரு வழக்கமான பயணிக்கும் பிள்ளைகளின் பெயர் வரை தெரிந்த ஆள். ஏன் காலண்டரைப் பார்த்தார், ஏன் என்னைப் பார்க்கவில்லை? பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தாரா, பார்க்கத் தோன்றாமல் இருந்தாரா? இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு நாளும் நின்றுவிடுகிறேன், டேப் சிக்கின மாதிரி, காலண்டர், காலண்டர், காலண்டர்.

இப்போது உள்ளேயிருந்து கீகீகீ என்று ஒரு அலாரம். அம்மா எழுந்துவிட்டாள். பதற்றம் வந்தால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்திருந்தார்கள், அதை அப்பா அமுக்கியிருக்கிறார். காஜா மிஷினை நிறுத்தி மைக்கில் கேட்டார், "என்னண்ணே, என்ன செய்யுது?" "ஒன்னும் செய்யலையே சார்." "அப்ப ஏன் பந்தை அமுக்குனீங்க?" "ரெடியான்னு கேட்டீங்கள்லா சார், அதான் ரெண்டு தடவ அமுக்குனேன், ரைட்டுன்னு." கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தால் வண்டி போகலாம் என்று அர்த்தம். ரெடியா என்று கேட்ட குரலுக்குப் பந்தால் ரெண்டு விசில் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு, அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள், காஜாகூடத் திரும்பிப் பார்த்து, "இந்தா, இவரை வச்சுக்கிட்டு நான் என்னத்த செய்ய" என்றார், அதில் கோபம் பாதிதான். ஆனால் டாக்டர் பெனிட்டா வந்து திரையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ரெண்டு தடவை எடுத்ததும் கலங்கியிருக்கிறது, தண்ணீர் அசைவதைப் பிடிக்கிற படத்தில் ஆளே அசைந்தால் எதையும் அளக்க முடியாது, குடலை நிறுத்துகிற ஊசி இன்னும் கொஞ்ச நேரம்தான் வேலை செய்யும். "கடைசியா ஒரு தடவை பாப்போம். வரலைன்னா இந்தப் படம் இல்லாமதான் முடிவு பண்ணணும்." முடிவு என்றால் என்ன முடிவு, தொங்குகிறார்களா இல்லையா என்று பார்க்காமலே வண்டியை எடுக்கிற முடிவு. "வீட்டாளுங்க யாராவது மைக்ல பேசினா அவர் பதில் சொல்லாம இருப்பாரா?" அம்மா தலையை ஆட்டினாள், "என் குரலக் கேட்டா சாப்டியான்னு கேப்பாவ." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மைக் என்றால் கழுத்து வளைந்த ஒரு கம்பி, நுனியில் கறுப்புப் பஞ்சு, அமுக்கிப் பிடித்தால் பேசலாம், விட்டால் அப்பா பேசுவது ஸ்பீக்கரில் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் ரெண்டு கால் மட்டும் வெளியே தெரிகிறது, சாக்ஸ் போட்ட கால், ஒரு சாக்ஸ் திருப்பிப் போட்டிருக்கிறார். யார் குரலில் பேசினால் இந்த மனுஷன் பதில் சொல்லாமல் இருப்பார்? அம்மா சொன்னதை நம்பாமல் முதலில் அம்மாவைப் போட்டேன். "என்னங்க, கொஞ்ச நேரம் அசையாம கிடங்க." "செண்பகம், நீ சாப்டியா? அங்க ஃபேன் ஓடுதா?" பின்னால் நிஜ அம்மா, "நான் சொன்னேன்லா" என்றாள். அடுத்து செக்கிங் இன்ஸ்பெக்டர், டிபோவில் அவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் சட்டைப் பித்தான் போடுவார்கள், அவர் முன்னால் அப்பா மூச்சுக்கூட விடமாட்டார் என்று நினைத்தேன். "பேச்சிமுத்து, வண்டியை ஓரங்கட்டு, பையைக் காட்டு." ரெண்டு காலும் சட்டென்று மடங்கின. "சார், இதோ வந்துட்டேன் சார்." காஜா மைக்கிலிருந்து என் விரலைத் தட்டிவிட்டார். "வேண்டாம்மா, நீ போய் உக்காரு" என்றார் டாக்டர். மூன்றாவதாக என் தொண்டையில் தயாராக நின்றது கனகசபாபதி. கவலையே வேண்டாம், என்ன? அந்தக் குரலுக்கு அப்பா நன்றி சொல்வார், திரும்பவும் அதே நன்றி, அந்தக் குரலை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சாக்ஸைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன், எல்லோருக்கும் பதில் சொல்கிற ஆள் யாருக்குப் பதில் சொல்வதில்லை? கூட்டத்துக்கு நடுவில், பின்படிப் பக்கம் கம்பியில் முதுகைச் சாத்திக்கொண்டு அப்பா நிற்பார், பிரேக் அடித்தால் நாற்பது பேர் சரிவார்கள், அவர் சரியமாட்டார், உடம்பு ஒரு இடத்தில் நடப்பட்ட மாதிரி இருக்கும், குரல் மட்டும் டிரைவர் சீட் வரைக்கும் போய்விட்டு வரும். அப்பாவின் அந்தக் குரலை நான் இதுவரை பண்ணினதில்லை. ஏன் என்று தெரியாது, தோன்றினதே இல்லை. டாக்டர், ஒரே ஒரு தடவை என்றேன். அவர் மணியைப் பார்த்தார், தலையசைத்தார். மைக்கை அமுக்கினேன். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத. கம்பியைப் பிடி. கம்பியப் பிடிச்சவன் அசையக் கூடாது. ஆளு ஏறியாச்சு. போலாம், ரைட்." விரலை எடுத்தேன். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். பந்து அமுங்கவில்லை. காஜா என்னைப் பார்க்காமலே பொத்தானைத் தட்டினார், டக் டக் டக் டக். நான் மைக்கைத் திரும்ப அமுக்கி, சத்தத்துக்கு மேலே மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன், பத்தமடை, பத்தமடை இறங்கு. சேரன்மாதேவி. ஏம்மா, பிள்ளையை மடியில வை. வீரவநல்லூர் வந்ததும் என் குரல் லேசாகத் தட்டியது, இந்த ஸ்டாப்பில்தான் உட்கார்ந்துவிட்டார், இதை விட்டுவிடலாமா, விட்டால் கண்டுபிடித்துவிடுவார், ஒரு ஸ்டாப்பைக்கூட விட்டுச் சொன்ன ஆள் இல்லை. வீரவநல்லூர் இறங்கு. கால் அசையவில்லை. கல்லிடைக்குறிச்சி. அம்பாசமுத்திரம். திரையில் படம் ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தது, சாம்பல் நிறம், பிறகு எல்லாம் இருண்டு இருண்டு போய், இருட்டுக்கு நடுவில் ஒரு வெள்ளை மட்டும் நின்றது. எல்லாத் தண்ணீரும் ஓடிப்போன இடத்தில் அது மட்டும் நகர முடியாமல். ஓரம் எங்கே முடிகிறது? ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது, இன்னொரு பக்கம் நூல் மாதிரி ஏதோ ஒன்று நீட்டியிருந்தது, அல்லது நீட்டவில்லை, என் கண்தான் நீட்டியது. டாக்டர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், திரும்பவும் பெரிதாக்கினார். "ம்" என்றார். அந்த ம்-ஐ எடுத்துவைத்துக்கொண்டு உள்ளுக்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்தேன், மேலே ஏற்றி, கீழே இறக்கி, எந்தச் சுருதியிலும் அது பிடிகொடுக்கவில்லை. விக்கிரமசிங்கபுரம். பாபநாசம், பாபநாசம், எல்லாரும் இறங்கு. மிஷின் நின்றது.

"படம் நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர். அம்மா கும்பிட்டாள். படம் நல்லா வந்திருக்கு என்றால் படம் நல்லா வந்திருக்கிறது, அவ்வளவுதான், படத்துக்குள் இருப்பது நல்லது என்று அவர் சொல்லவில்லை. நாளைக்கு அளந்து பார்த்து எழுதித் தருவார்கள். நாளைக்கு என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பேனா மூடியைத் தேடிப் பார்த்தேன், கையில் பேனாவே இல்லை.

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தார், தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது, காதில் ஹெட்போன் தடம் சிவப்பாக. மோதிரத்தையும் விசிலையும் கொடுத்தேன். வெட்டின அரைஞாண் கயிற்றைக் கையில் வாங்கி, முடிச்சுப் போட நீளம் பத்துமா என்று பார்த்து, பத்தாது என்று தெரிந்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நல்லா சத்தம் போடுது செண்பகம், நம்ம பழைய வண்டி தோத்துரும்" என்றார். அம்மா ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் மோரை ஊற்றிக் கொடுத்தாள். அப்பா நின்றபடியே குடித்தார், எப்போதும் குடிக்கிற மாதிரி, ஒரே இழுப்பாக. குடித்துவிட்டு மூடியை அம்மாவிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீ எந்தக் குரல்ல பேசுனாலும் ஆரம்பிக்க முன்ன மூக்கால சின்னதா ஒரு மூச்சு இழுப்ப. இப்ப காதுக்குள்ள ரொம்பத் தெளிவாக் கேட்டுது." எனக்குத் தெரியாது. எனக்கு நானே கேட்டதில்லை. அப்புறம் அப்பா, வாழ்நாளில் யார் மாதிரியும் பேசிக் காட்டியிராத அப்பா, மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தார். "சூடு, என்ன? மோர் குடிங்க. வரவேண்டியதில்லை, என்ன?" கொஞ்சம்கூட ஒட்டவில்லை, அந்த டிவிக்காரர் குரலும் இல்லை, அப்பா குரலும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அம்மா சிரித்துவிட்டாள். "பாரேன், மகளோட சேந்து அப்பனுக்கும் தொத்திக்கிட்டு." அம்மா சிரிப்பில் எதுவும் இல்லை, அது வெறும் சிரிப்பு, பத்து நாளில் நான் கேட்ட முதல் சுத்தமான குரல். அப்படியென்றால் அவளுக்குத் தெரியாது. அவருக்கு?

போனில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாரே, அப்போதே இந்த மூச்சைக் கேட்டுவிட்டாரா, கேட்டும் நன்றி சொன்னாரா, போகாமலிருக்க ஒரு டாக்டர் கிடைத்தார் என்று என்னைப் பிடித்துக்கொண்டாரா, பயத்தில் மகளின் விளையாட்டையே மருந்தாக எடுத்துக்கொண்டு பதினோரு மாசம் சொம்பு சொம்பாகக் குடித்தாரா? காலண்டரைப் பார்த்தது அதனாலா? அல்லது ஒன்றுமே தெரியாமல் நம்பியிருந்து, இப்போது, இந்தக் குழாய்க்குள் கம்பியைப் பிடித்து அசையாமல் கிடந்த பன்னிரண்டு நிமிஷத்தில், பத்தமடைக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு ஸ்டாப்பில் அந்த மூச்சும் இந்த மூச்சும் ஒன்று என்று தெரிந்துகொண்டு, எனக்காக, அன்றைக்கே தெரியும் என்று காட்டுகிறாரா? எல்லாக் குரலிலும் பொய் எங்கே ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா பண்ணின இந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை, இதில் எது ஏற்றம் எது இறக்கம் என்று பார்க்க வழியில்லை.

"எப்பப்பா தெரியும்?" என்று கேட்டேன். மூக்கால் மூச்சு இழுத்தேனா என்று கவனித்தேன், இழுக்கவில்லை.

அப்பா மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறினார், ஃபிளாஸ்கில் வைத்துத் திருகி மூடினார், அம்மாவின் கூடையை வாங்கிப் பை தொங்குகிற அந்தத் தோளில் மாட்டிக்கொண்டார், கண்ணாடிக் கதவைத் தள்ளி எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். யார் கூப்பிட்டாலும் சரிங்க என்கிற மனுஷன், இன்றைக்கு ரெண்டாவது தடவையாக, ஒரு குரலுக்குப் பதில் சொல்லவில்லை.